சீனாயின் ஒற்றையடிப் பாதைகள்

சீனாய் மலைமீது ஏறுவோரில் மிகப் பலர் நள்ளிரவு கடந்ததும் புறப்பட்டுவிடுகின்றனர். கடல் மட்டத்திலிருந்து 2,285 மீட்டர் உயரமுள்ள அந்தச் சிகரத்தில் நின்று கதிரவன் எழுவதைக் காணவேண்டும் என்பது அவர்தம் ஆவல். இருளில் கைவிளக்குகளின் வரிசை மலைச்சரிவில் நெளிந்து நெளிந்து மேலே செல்லும். அவ்வரிசையில் செபமாலை உருட்டியபடி ஏறும் திருப்பயணியும் உண்டு. ஷார்ம் அல் ஷேக் கடற்கரை விடுதியில் நீந்திக் களித்துவிட்டு, ஒரு மாறுதலுக்காகப் பேருந்தேறி வந்த உல்லாசப் பயணியும் உண்டு. நம் பங்குகளிலிருந்து புனித நாட்டுக்குச் செல்லும் குழுக்களிலும், கெய்ரோ வழியாகச் செல்பவை இம்மலையடிவாரத்தில் ஓர் இரவு தங்குவதுண்டு. பொழுது விடிந்து வெயில் ஏறுமுன் பெரும்பாலோர் இறங்கிவிடுவர், பேருந்துகள் புறப்பட்டுவிடும், மலை மீண்டும் அமைதியில் ஆழ்ந்துவிடும்.

மோசே கடவுளின் திருமுன் நின்ற மலையைப் பொழுதுபோக்கு இடமாக ஆக்கிவிட்டார்களே என்று வருந்துவோர் நம்மிடையே உண்டு. அவ்வருத்தத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆயினும் இம்மலையின் வரலாற்றைச் சற்றே ஊன்றிப் படித்தால், பக்தியும் காட்சியின்பமும் அங்கே எக்காலத்திலும் கைகோத்தே ஏறியிருக்கின்றன என்பது புலப்படும். அதைவிட முக்கியமான வேறொன்றும் புலப்படும். ஏறியவர் எந்நோக்கத்தோடு வந்தாரோ, அதுவன்று அந்நிலத்தின் நலத்தைத் தீர்மானித்தது. யாருடைய துணையோடு, யாருக்கு விருந்தினராக அவர் வந்தார் என்பதே தீர்மானித்தது.

நிலத்தை முதலில் அறிந்துகொள்வோம். சீனாய்த் தீபகற்பம் ஆசியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் இடையே முக்கோணமாய்த் தொங்கி நிற்பது. மேற்கே சூயஸ் வளைகுடா. கிழக்கே அகபா வளைகுடா. தெற்கே செல்லச் செல்லச் சிவந்த கிரானைட் மலைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நெருங்கி நிற்கும். புனித கத்தரினம்மாள் மலை 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்து எகிப்து நாட்டிலேயே மிக உயர்ந்த சிகரமாக விளங்குகிறது. பாலைவனம் என்றதும் மணற்குன்றுகளை மட்டுமே எண்ணிப் பழகிய நமக்கு, அங்கே குளிர்காலத்தில் பனி பெய்யும் என்பது வியப்பாக இருக்கும். மழை மிக அரிது. வந்தால் வெள்ளமாக வரும். காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகை சில நிமிடங்களில் கரைபுரண்டு ஓடும். அப்படுகையை அரபியர் வாதி என்பர்.

இவ்வறண்ட மலைகளில் பழத்தோட்டங்கள் உள்ளன என்றால் நம்ப இயலுமா? நூற்றுக்கணக்கில் உள்ளன. கற்களை அடுக்கிச் சுவரெழுப்பி, அதனுள் வாதுமை, சர்க்கரைபாதாமி, அத்தி, மாதுளை, முசுக்கட்டை, திராட்சை ஆகியவற்றை வளர்க்கின்றனர். அதன் இரகசியம் பாறையில் இருக்கிறது. பழங்காலத்தில் கிரானைட்டின் பிளவுகளுக்குள் எரிமலைக் குழம்பு புகுந்து, இறுகி, நிலத்தடியில் கருஞ்சுவர்களைப்போல் குறுக்கே நிற்கிறது. மழைநீரும் பனி உருகிய நீரும் பாறை விரிசல்கள் வழியே கீழிறங்கி வரும்போது இச்சுவர் அதைத் தடுத்து நிறுத்துகிறது. சுவருக்கு மேற்புறமாகக் கிணறு தோண்டினால் நீர் கிடைக்கும். எந்தச் சுவருக்குப் பின்னால் எத்தனை முழத்தில் நீர் நிற்கும், எந்தக் கிணறு கோடையிலும் வற்றாது என்பதெல்லாம் ஏட்டில் எழுதப்படாத அறிவு. அவ்வறிவு ஒருவரிடம் இல்லையேல், அம்மலைகளில் இரண்டு நாள் நடப்பது உயிருக்கே உலையாகும்.

இனி, இம்மலையில் ஏறித் தாம் கண்டதை எழுதி வைத்தவர்களுள் நாம் மிகவும் போற்றவேண்டிய பெண்மணியிடம் வருவோம். எஜேரியா என்பது அவர் பெயர். நான்காம் நூற்றாண்டின் இறுதியில், ஏறத்தாழ 381-க்கும் 384-க்கும் இடையில், ஐரோப்பாவின் மேற்குக் கோடியிலிருந்து புறப்பட்டு எகிப்து, பாலஸ்தீனம், சிரியா எனச் சுற்றி வந்தவர். தம் நாட்டிலிருந்த சகோதரிகளுக்கு எழுதுவதுபோல் இலத்தீனில் எழுதினார். அந்நூலின் ஒரே ஒரு கையெழுத்துப் படி, முதலும் முடிவும் இழந்த நிலையில், இத்தாலியின் அரேட்சோ நகர நூலகத்தில் 1884-இல் கண்டெடுக்கப்பட்டது. நம் நற்பேறு, கிடைத்த பகுதி சீனாய் மலையை அவர் நெருங்கும் இடத்திலேயே தொடங்குகிறது.

கணவாய் ஒன்றைக் கடந்ததும் அகன்ற சமவெளி ஒன்று அவர் கண்முன் விரிகிறது. அதன் கோடியில் மலை. முதன்முதலாக மலை கண்ணில் படும் அவ்விடத்தில் நின்று செபிப்பது வழக்கம் என்று உடன் வந்த வழிகாட்டிகள் சொல்ல, அவரும் செபிக்கிறார். அச்சமவெளியை இன்று அல்-ராஹா என்பர். கணவாயை நக்ப் அல்-ஹாவா என்பர். சனிக்கிழமை மாலை மலையடியை அடைந்து, அங்கு வாழ்ந்த துறவிகளின் குடில்களில் தங்குகிறார். ஞாயிறு விடியலில் ஏறத் தொடங்குகிறார். சுவரில் ஏறுவதுபோல் நேர்ச்செங்குத்தாக ஏறவேண்டியிருந்ததாம். வாகனத்தில் செல்ல வழியே இல்லை. ஆயினும் நெடுநாள் ஆசை நிறைவேறும் மகிழ்ச்சியில் உடலின் களைப்புத் தெரியவில்லை என்கிறார். முற்பகல் பத்து மணியளவில் உச்சி. அங்கே சிறு கோவில் ஒன்று இருந்தது. விடுதலைப் பயண நூலின் பகுதியை அவ்விடத்திலேயே வாசித்துத் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். புறப்படும்போது துறவிகள் அம்மலையிலே விளைந்த கனிகளை அன்பளிப்பாகத் தந்தனர். பாறையாலேயே ஆன மலை என்றாலும், அடிவாரத்தில் துறவிகள் மண் கூட்டி மரம் வளர்த்திருந்ததை அவர் குறிப்பிடத் தவறவில்லை.

உச்சியில் நின்று அவர் சுற்றுமுற்றும் பார்க்கிறார். எகிப்தும் பாலஸ்தீனமும் செங்கடலும் மத்தியதரைக் கடலும் அரபியரின் எல்லையற்ற நிலங்களும் காலடியில் தெரிந்தன என்று எழுதுகிறார். மத்தியதரைக் கடல் அங்கிருந்து தெரியாது. அது மகிழ்ச்சி மிகுதியில் வந்த கணக்கு. மலையேறிய எவருக்கும் அக்கணக்கு புரியும். இப்பெண்மணி திருப்பயணியா, காட்சி காணச் சென்றவரா என்று நம்மால் பிரித்துக் கூற இயலுமோ? நூல் முழுவதும் செபமும், ஆர்வமும், கேள்விமேல் கேள்வியும் பின்னிக் கிடக்கின்றன.

அவர் எழுதியவற்றுள் மிகச் சிறிய, ஆனால் இக்கட்டுரைக்கு மிக இன்றியமையாத செய்தி ஒன்று உண்டு. பாரான் என்னும் சோலையில் வாழ்ந்த மக்கள் ஒட்டகங்களோடு பாலையில் செல்லும்போது, வழியில் ஆங்காங்கே அடையாளங்களை இட்டு வைப்பராம். அவ்வடையாளங்களைக் கொண்டு அவர்கள் இரவிலும் தடுமாறாமல் செல்வர். வெளியார் பகலில், தெளிவான சாலையில் செல்வதைவிட விரைவாகவும் பாதுகாப்பாகவும் செல்வர் என்று வியக்கிறார். இன்றும் சீனாயின் ஒற்றையடிப் பாதைகளில் வழிபிரியும் இடங்களில் கற்களைச் சிறு குவியலாக அடுக்கி வைத்திருப்பதைக் காணலாம். 1,600 ஆண்டுகளுக்குப் பின்னும், அங்கே பாதை என்பது இத்தகைய அடையாளங்களாலும் அவற்றைப் படிக்கத் தெரிந்த மக்களாலும் ஆனது.

விவிலியத்திலேயே இதற்கு ஒரு முன்னிகழ்ச்சி உண்டு. மறையுரைகளில் அரிதாகவே கேட்கிறோம். இஸ்ரயேல் மக்கள் சீனாயிலிருந்து புறப்படும் நேரம். மேகம் முன்சென்று வழிகாட்டுகிறது. அப்படியிருந்தும் மோசே, தம் மாமனார் குடும்பத்தைச் சேர்ந்த மிதியானியர் ஓபாபுவை அழைத்து, பாலையில் எங்குப் பாளையம் இறங்குவது என்பது உமக்குத்தான் தெரியும், எங்களுக்குக் கண்ணாக இரும் என்று வேண்டிக்கொள்கிறார். எண்ணிக்கை நூலின் பத்தாம் அதிகாரத்தில் இதைக் காணலாம். தெய்வத்தின் மேகம் தலைக்குமேல் நிற்கும்போதும் உள்ளூராரின் கண் வேண்டியிருந்தது. மோசேயேகூட அம்மலையை முதன்முதலாக அறிந்தது, மிதியானிய மாமனாரின் ஆடுகளை மேய்த்துச் சென்றபோதுதான் அல்லவா?

ஆறாம் நூற்றாண்டில், 548-க்கும் 565-க்கும் இடையில், பேரரசர் யுஸ்தீனியன் மலையடிவாரத்தில் கோட்டைபோன்ற மதிலோடு மடத்தைக் கட்டினார். புனித கத்தரினம்மாள் மடம் என்று இன்று உலகம் அறிந்த அம்மடத்தில், கிரேக்க ஆர்த்தொடாக்ஸ் துறவிகளின் வழிபாடு இன்றுவரை இடையறாது தொடர்கிறது. மடத்துக்குப் பணிபுரியவும் காவல் செய்யவும் பேரரசர் கருங்கடல் பகுதியிலிருந்தும் எகிப்திலிருந்தும் குடும்பங்களை அனுப்பினார் என்பது மரபு. பத்தாம் நூற்றாண்டின் அலெக்சாந்திரிய மறைமுதுவர் யுத்தீக்கியுவும் அவ்வாறே எழுதினார். அக்குடும்பங்களின் வழித்தோன்றல்களே ஜெபலியா என்னும் பெதூயின் குலத்தார். மலைவாசிகள் என்பது அச்சொல்லின் பொருள். காலப்போக்கில் அவர்கள் இஸ்லாத்தைத் தழுவினர். ஆயினும் மடத்துக்கும் அவர்களுக்கும் இடையிலான உறவு அறவில்லை. தோட்டக் கலையைத் தம் முன்னோர் துறவிகளிடம் கற்றதாக அவர்கள் சொல்வர். துறவிகளோ அம்மக்கள் இல்லாமல் மடம் ஒருநாளும் நிலைத்திராது என்று அறிவர். மதத்தால் வேறுபட்ட இரு சமூகங்கள் ஒரே கிணற்று நீரை நம்பி இத்தனை நூற்றாண்டுகள் வாழ்ந்துவந்த வரலாறு உலகில் அதிகம் இல்லை.

மலைக்கு ஏறும் படிகளும் துறவிகளின் உழைப்பே. ஏறத்தாழ 3,700 படிகள். சீராகச் செதுக்கியவை அல்ல, கிடைத்த கல்லைக் கிடைத்தவாறு பதித்தவை. மேலே செல்லும் வழியில் இரு கல்வளைவுகள் நிற்கின்றன. ஆறாம் நூற்றாண்டில் ஸ்தேவான் என்னும் துறவி அங்கே அமர்ந்து, ஏற வருவோரின் பாவ அறிக்கையைக் கேட்டு, அதன்பின்னரே மேலே செல்ல விட்டார் என்பர். அவருடைய எலும்புக்கூடு துறவியின் உடையணிந்து மடத்தின் எலும்பு அறையில் இன்றும் அமர்ந்திருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் இம்மடத்தின் தலைவராக இருந்த புனித யோவான் கிளிமாக்குஸ், ஆன்ம வாழ்வை முப்பது படிகளைக் கொண்ட ஏணியாக வருணித்து நூல் எழுதினார். தினமும் படியேறியவர் வேறெந்த உவமையைத் தேடுவார்!

இடைக்காலத்தில் மேற்குத் திருச்சபையில் கத்தரினம்மாள் பக்தி ஓங்கியிருந்தது. அப்புனிதையின் திருவுடலை வானதூதர் சுமந்து வந்து சீனாயின் சிகரத்தில் வைத்தனர் என்ற மரபு இலத்தீன் திருப்பயணிகளை அங்கு ஈர்த்தது. உல்ம் நகர தொமினிக்கன் துறவி பெலிக்ஸ் ஃபாப்ரி 1483-இல் வந்தார். பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதிக் குவித்தார். அந்நாள்களில் மடத்துக்குள் நுழைவதும் எளிதன்று. கள்வருக்கு அஞ்சி வாயிலை அடைத்திருந்த காலங்களில், மதிலின்மேல் இருந்த உருளையில் கயிறு கட்டி விருந்தினரை மேலே இழுத்துக்கொண்டனர். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டுவரை அவ்வழக்கம் இருந்தது.

மதிலுக்கு வெளியே வேறொரு சட்டம் நடந்தது. எந்தக் குலம் எந்தப் பாதையில் பயணியரை அழைத்துச் செல்லலாம், யார் ஒட்டகம் தரலாம், வழியில் பயணிக்குத் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்பதெல்லாம் பெதூயின் குலங்களுக்கிடையே வரையறுக்கப்பட்டிருந்தன. 1816-இல் வந்த சுவிஸ் நாட்டுப் பயணி புர்க்கார்ட் இவ்வுரிமைகளைப் பற்றி விரிவாக எழுதியுள்ளார். ஒரு குலத்தின் பாதுகாப்பில் உள்ள விருந்தினரைத் தொடுவது அக்குலத்தையே தொடுவதாகும். இதைக் கொள்ளைக்காரரின் ஒப்பந்தம் என்று இகழ்ந்து எழுதிய ஐரோப்பியரும் உண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஆட்சியாளரின் கை எட்டாத நிலத்தில், அந்நியர் ஒருவர் உயிரோடு சென்று உயிரோடு திரும்பச் செய்த ஏற்பாடு அது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அறிஞர்கள் வரத் தொடங்கினர். அமெரிக்கர் ராபின்சன் 1838-இல் வந்தார். ஜெர்மானியர் திஷ்செந்தோர்ஃப் 1844-இலும் மீண்டும் இருமுறையும் வந்து, நான்காம் நூற்றாண்டின் விவிலியக் கையெழுத்துப் படியை எடுத்துச் சென்றார். அதைக் குறித்த மனத்தாங்கல் மடத்தாருக்கு இன்னும் ஆறவில்லை. 1892-இல் ஸ்காத்துலாந்தின் இரட்டைச் சகோதரியர் ஆக்னஸ் ஸ்மித் லூயிசும் மார்கரெட் கிப்சனும் ஒட்டகத்தில் வந்து, சிரிய மொழி நற்செய்திகளின் மிகப் பழைய படி ஒன்றை வெளிக்கொணர்ந்தனர். ஐம்பதை நெருங்கிய இரு கைம்பெண்கள் பாலையில் கூடாரமடித்து உறங்கியது அக்காலத்தில் பெரும் பேச்சாயிற்று.

இவர்களுள் எட்வர்ட் பால்மர் என்பவரின் கதை தனித்துச் சொல்லத்தக்கது. அரபி மொழியில் பெரும்புலமை பெற்ற இவ்வாங்கிலேயர், 1868, 69-இல் நடந்த சீனாய் நில அளவைக் குழுவில் இருந்தார். மலை மலையாக நடந்து, பெதூயின்களிடம் ஒவ்வொரு இடத்தின் பெயரையும் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். அவர்களின் கூடாரங்களில் உறங்கினார். ஒரு தீங்கும் நேரவில்லை. 1882-இல் அவர் மீண்டும் சீனாய்க்கு வந்தார். இம்முறை பிரித்தானிய அரசின் முகவராக, குலங்களைத் தம் நாட்டின் பக்கம் இழுப்பதற்குப் பணத்தோடு வந்தார். அவரும் உடன்வந்த இருவரும் வாதி சுதிர் அருகே கொல்லப்பட்டனர். அதே நிலம், அதே மொழியறிந்த மனிதர். வந்த கோலந்தான் வேறு.

மலைக்கு வாகனப் பாதை வந்த கதை இதற்கு முன்னதாகவே நிகழ்ந்தது. எகிப்தை 1854 வரை ஆண்ட முதலாம் அப்பாஸ் பாஷா, இம்மலைகளின் குளிர்ந்த காற்றில் மயங்கி ஒரு சிகரத்தில் அரண்மனை கட்டத் தொடங்கினார். இடம் தேர்வதற்காகச் சிகரந்தோறும் இறைச்சித் துண்டுகளை வைத்து, எங்கே மெதுவாகக் கெடுகிறது என்று பார்த்தாராம்; இது மக்கள் சொல்லும் கதை. அரண்மனை முடியுமுன் அவர் கொலையுண்டார். கூரையில்லாச் சுவர்கள் இன்றும் அச்சிகரத்தில் நிற்கின்றன. சீனாய் மலைக்கு வளைந்து வளைந்து செல்லும் அகலமான பாதையும் அவர் காலத்தில் போடப்பட்டதே. இன்று பயணியர் ஒட்டகத்தில் ஏறுவது அவ்வழியில்தான். ஆனால் உச்சிக்குக் கீழே அப்பாதை முடிந்துவிடுகிறது. எஞ்சிய 750 படிகளை ஒட்டகத்தில் வந்தவரும் இறங்கி நடந்தே கடக்கவேண்டும். பாஷாவின் பணமும் அங்கே பயன்படவில்லை.

1967-இல் இஸ்ரயேல் சீனாயைக் கைப்பற்றியது. 1979-இல் சமாதான உடன்படிக்கை. 1982 ஏப்ரலில் தீபகற்பம் ஏறக்குறைய முழுவதும் எகிப்துக்குத் திரும்பியது. இதற்கிடையில் முதுகுப்பையோடு மலைகளில் பல நாள் நடக்கும் பழக்கம் இளைஞரிடையே பரவியிருந்தது. தார்ச்சாலை வந்தது, செங்கடல் கரையில் விடுதிகள் பெருகின. எகிப்திய அரசு 1988-இல் இம்மலைப்பகுதியில் 4,000 சதுர கிலோமீட்டருக்கும் மேலான நிலத்தைக் காப்பகமாக அறிவித்தது. 1990-களின் பிற்பகுதியில் பெதூயின்களையே காவலர்களாக நியமித்தனர். இது நல்ல முடிவு. உலகின் மிகச் சிறிய வண்ணத்துப்பூச்சிகளுள் ஒன்றான சீனாய் நீல வண்ணத்துப்பூச்சி இம்மலைகளைத் தவிர வேறெங்கும் இல்லை. அதன் புழு உண்பது சீனாயின் காட்டு ஓமச்செடி ஒன்றை மட்டுமே. எந்தச் சரிவில் அச்செடி வளரும் என்பதை ஆய்வாளருக்குக் காட்டக்கூடியவர் ஆடு மேய்த்துப் பழகியவரே. 2002-இல் யுனெஸ்கோ இப்பகுதியை உலகப் பாரம்பரிய இடமாக ஏற்றது. அதற்கு ஈராண்டு முன்னர், 2000 பிப்ரவரி 26 அன்று, திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் யூபிலித் திருப்பயணமாக இங்கு வந்து, மடத்தின் ஒலிவத் தோட்டத்தில் இறைவார்த்தை வழிபாடு நடத்தினார். மலையேற அவர் உடல்நிலை இடந்தரவில்லை.

அவ்வாண்டுகளில்தான் கேடும் வளர்ந்தது. பேருந்தில் வந்து இரவோடு இரவாக ஏறி இறங்குவோர் தொகை பெருகியது. பாதையோரம் நெகிழிப் புட்டிகள் குவிந்தன, நீருக்கு நெருக்கடி. இவ்வளவு கூட்டத்தால் ஒரு சிலருக்கே வருவாய். இளைஞர் கடற்கரை விடுதிகளுக்கும் வாடகை வண்டிகளுக்கும் சென்றனர். மலைத்தோட்டங்கள் பல காய்ந்தன. தோட்டத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதைகள் மழையில் அரித்துப் போயின. நடக்காத பாதை சில ஆண்டுகளில் மறைந்துவிடும்; அதன் பெயரும் கிணறும் கதையும் உடன் மறையும். மலை எவ்வளவு கடுமையானது என்பதையும் மறந்துவிடுவது எளிது. 2014 பிப்ரவரியில் எகிப்திய மலைநடையாளர் குழு ஒன்று பனிப்புயலில் சிக்கியது; நால்வர் குளிரில் உயிரிழந்தனர். 2015 அக்டோபர் 31 அன்று ஷார்ம் அல் ஷேக்கிலிருந்து புறப்பட்ட ரஷ்யப் பயணியர் விமானம் சீனாயில் வீழ்ந்து 224 பேரும் மாண்டனர். 2017 ஏப்ரலில் மடத்தின் அருகே காவல் சாவடி தாக்கப்பட்டது. பேருந்துகள் நின்றுபோயின. கூட்டத்தை நம்பி வாழ்ந்தோர் ஒரே நாளில் வெறுங்கையராயினர்.

இத்தகைய இருண்ட காலத்தில்தான் சீனாய் நெடும்பாதை உருவானது என்பது வரலாற்றின் வியப்பு. தராபின், முசைனா, ஜெபலியா ஆகிய மூன்று குலங்கள் ஒன்றுகூடி, அகபா வளைகுடாக் கரையிலிருந்து கத்தரினம்மாள் சிகரம் வரை 220 கிலோமீட்டர் நீளமான நடைபாதையை 2015-இல் திறந்தன. 2018-இல் எட்டுக் குலங்கள் சேர்ந்து அது 550 கிலோமீட்டர் சுற்றுப்பாதையாக விரிந்தது. முழுவதும் நடக்க 42 நாள் ஆகும். இறைவாக்கினர் எலியா ஓரேபுக்கு நடந்த நாற்பது நாளைவிட இரண்டு நாள் கூடுதல்!

இதற்காகப் புதிதாக எதையும் வெட்டவில்லை. பழைய வணிகர் தடங்கள், திருப்பயணியர் தடங்கள், மேய்ச்சல் தடங்கள் ஆகியவற்றை மூத்தோரிடம் கேட்டறிந்து இணைத்தனர். ஒவ்வொரு குலத்தின் எல்லைக்குள்ளும் அக்குலத்தவரே வழிகாட்டி, ஒட்டகக்காரர், சமையற்காரர். எல்லை வந்ததும் நடப்போரை அடுத்த குலத்தாரிடம் ஒப்படைத்து விடைபெறுவர். புர்க்கார்ட் 1816-இல் கண்ட பழைய உரிமை முறையின் புத்துயிரே இது. வருவாய் எட்டுக் குலங்களுக்கும் பிரிகிறது. வருவோர் சிலரே ஆனாலும் பல நாள் தங்குகின்றனர். முதியோர் தம் பேரரை உடனழைத்து வந்து கிணறுகளைக் காட்டுகின்றனர். 2019-இல் ஹமாதா குலத்துப் பெண்கள் சிலர் வழிகாட்டிகளாக முன்வந்தனர். அவர்கள் அழைத்துச் செல்வது பெண்களைமட்டும்; மாலையில் வீடு திரும்பிவிடவேண்டும் என்பது குலத்தாரின் நிபந்தனை. சிறுமியாக ஆடு மேய்த்த மலையை விருந்தினருக்குக் காட்ட அப்பெண்களுக்குப் பயிற்சி எதுவும் தேவைப்படவில்லை. எஜேரியா இருந்திருந்தால் முதல் ஆளாக அவர்களோடு நடந்திருப்பார்.

பாலையில் அம்மக்கள் போற்றும் வழக்கம் ஒன்றைப் பயணியர் பலரும் குறித்துள்ளனர். தேவைப்படாத கூடாரத் துணியையும் பண்டங்களையும் மூட்டையாகக் கட்டி, வழியோர வேலமரத்தில் தொங்கவிட்டுச் சென்றுவிடுவர். மாதங்கள் கழித்து வந்தாலும் மூட்டை அங்கேயே இருக்கும். பூட்டும் காவலும் இல்லாமல் இது நடப்பது, அந்நிலத்தில் நடப்போர் அனைவரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கும்வரைதான்.

2021 முதல் அல்-ராஹா சமவெளியிலும் மடத்தைச் சூழ்ந்த பகுதியிலும் எகிப்திய அரசு பெரும் கட்டுமானத் திட்டம் ஒன்றை நடத்தி வருகிறது. விடுதிகள், வீடுகள், வருகையாளர் மையம், அகன்ற சாலைகள் என அது விரிகிறது. நாட்டுக்கு வருவாயும் இளைஞருக்கு வேலையும் கிடைக்கும் என்பது அரசின் வாதம். ஏழை நாடொன்றின் அவ்வாதத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட நாம் விரும்பவில்லை. ஆனால் 2023-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு மேற்கொண்டு கட்டுவதை நிறுத்துமாறு கேட்டுக்கொண்டது. 2025 மே மாதம் இஸ்மாயிலியா மேல்முறையீட்டு நீதிமன்றம், மடத்தைச் சூழ்ந்த நிலங்கள் அரசுக்கு உரியவை, துறவிகளுக்கு அவற்றைப் பயன்படுத்தும் உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. மடத்தின் புனிதத்துக்கு ஊறு நேராது என்று எகிப்து உறுதி கூறியது. கிரேக்கத் திருச்சபையோ கலங்கியது. துறவிகளுக்காகக் குரல் கொடுக்க ஏதென்ஸ் இருக்கிறது. ஜெபலியா குலத்தாருக்காகப் பேச அத்தகைய தலைநகர் எதுவும் இல்லை. தோட்டமும் கிணறும் யாருடையவை என்பதற்கு அவர்களிடம் இருப்பது பாட்டன் சொன்ன சொல்; பத்திரம் அன்று.

நக்ப் அல்-ஹாவா கணவாயின் பழம்பாதையில் இன்றும் சிலர் நடந்து வருகின்றனர். தார்ச்சாலை வேறு பக்கமாகச் சுற்றிச் செல்வதால் அங்கே வண்டியின் ஓசை இல்லை. கற்குவியல்கள் வழி சொல்கின்றன. மேட்டை அடைந்ததும் வழிகாட்டி சுமையை இறக்கிவைத்து, சுள்ளி பொறுக்கித் தீமூட்டித் தேநீர் வைப்பார். எதிரே, எஜேரியா முதன்முதலாகக் கண்டபடியே, மலை நிற்கிறது. அடியில் விரியும் சமவெளியில் புதிய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன.